கம்பங்கள் தெரிகின்றன

எங்கள் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் கைப்பிடி வைத்த ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக அதில் வளையத்துக்குள் வளையம் வரைந்திருக்கும். நடுவில் ஒரு துளை. நோயாளியை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, துளை வழியே அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். கருவிழி பளபளப்பானது என்பதால் வளையங்கள் அதில் விழும். கருவிழி ஒழுங்காக இருந்தால் அவை வட்டமாக இருக்கும். எங்காவது இழுத்தாலோ தளர்ந்தாலோ வளையங்களும் கோணிக்கொள்ளும்.

ஆபரேஷன் முடிந்த மறுவாரம் பெரியம்மாவின் வலது கண்ணில் அவை படுத்த முட்டை மாதிரி இருந்தன. நான் பிடித்த பிடி சரியில்லையோ என்று தட்டைத் திருப்பி மறுபடியும் பார்த்தேன். அப்படியேதான் இருந்தன. ஆபரேஷன் செய்த டாக்டர் ஸெனோவி வந்து பார்த்துவிட்டு, இது எதிர்பார்த்ததுதான் என்றார். கண்புரையை எடுக்கக் கருவிழியின் மேல் ஓரத்தில் வெட்டித் தைக்கிறார்கள். தையல் இறுக்கமாக இருக்கும்வரை கருவிழி மேலிருந்து கீழாக வளைந்து நிற்கும். வசந்தம் முடிவதற்குள் ஒவ்வொரு தையலாகத் தளர்த்திவிடலாம், வட்டம் தானே வரும் என்றார். பகலில் இங்கே உதவியாளாக இருந்துகொண்டு நான் படிக்கும் மாலை வகுப்பின் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

பெரியம்மா என்பது என் அம்மாவின் அக்கா மெலானியா. எங்கள் ஊர் ரிவ்னேயில் ஒன்றாம் நம்பர் டிராலிபஸ்ஸை அவள் ஓட்டாத காலம் எனக்கு நினைவில் இல்லை. தெருவுக்கு மேலே போகும் மின்கம்பிகளைக் கூரையின் இரண்டு கொம்புகளால் தொட்டு ஓடுகிற பஸ் அது. பெரியப்பா இறந்த வாரத்திலும் ஓட்டினாள். பிள்ளைகள் இல்லை. வண்டிதான் வீடு, வீடு வெறும் தூங்குமிடம் என்று அம்மா கொஞ்சம் எரிச்சலோடு சொல்வாள். போன இலையுதிர் காலத்தில் டிப்போவின் வருடாந்தரப் பரிசோதனையில் வலது கண்ணில் புரை முற்றியது தெரிந்து வண்டியிலிருந்து இறக்கினார்கள். இடது கண்ணும் மங்கல்தான். ஆபரேஷன் செய்துகொண்டு ஜூனில் மருத்துவக் குழுவின் முன்னால் வந்து நில்லுங்கள், குழு சரி என்றால் நீங்கள் ஓட்டிவந்த எண்பத்தாறாம் வண்டி மறுபடி உங்களுக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு என்றார் டிப்போ தலைவர். அதுவரை காலையில் ஓட்டுநர்களுக்கு அன்றைய தடத்தின் நம்பர் பலகைகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. வண்டிக் கண்ணாடியின் உள்பக்கம் செருகுகிற பலகைகள். அவற்றை அவள் பார்க்காமலேயே எடுத்துக் கொடுப்பாள், அடுக்கின் வரிசை அத்தனை பழக்கம்.

கட்டுப் பிரித்த அன்று அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் படித்தாள். பிறகு தாதியின் தொப்பியில் கறை இருக்கிறது என்றாள். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், அந்தத் தாதியும்கூட. அன்று அவளுக்குச் செய்யக் கூடாதவற்றையெல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். குனியக் கூடாது. நிறைந்த கெட்டிலைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. அந்தப் பக்கமாகப் படுக்கக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. முக்கி முனகி எதுவும் செய்யக் கூடாது. தையல் நூல் தலைமயிரைவிட மெல்லியது என்றும் சொன்னேன்.

அவள் இதையெல்லாம் எவ்வளவு நம்பிக்கையாகக் கடைப்பிடித்தாள் என்பதை எழுதியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது தப்பாகப் புரியும். கயிறு கட்ட வேண்டாத கம்பளி பூட்ஸை மாட்டிக்கொண்டாள். உருளைக்கிழங்குக் கூடையை மேஜை மேல் வைத்துக்கொண்டாள். தலையைப் பின்பக்கம் சாய்த்தே குளித்தாள். நான் போனபோது சமையலறைத் தரையில் ஒரு கரண்டி, ஒரு பொத்தான், இரண்டு வெங்காயம், ரேஷன் கடை ரசீது ஒன்று எல்லாம் கிடந்தன.

"எல்லாம் உனக்காகத்தான் எடுக்காம வெச்சிருக்கேன். பொறுக்கிக் குடுத்துட்டு சாப்பிட உக்காரு" என்றாள்.

அது ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய கடைசி வாரம். தயிர்க்கட்டியை உள்ளே வைத்து அவித்த வரேனிகிக் கொழுக்கட்டை நிறையச் செய்திருந்தாள். ஞாயிறு மாலை மன்னிப்பு வழிபாட்டுக்குக் கோயிலுக்கு வருவாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். நீ வருவது சரி, ஆனால் நீ ஒரு மூலையில் உட்கார வேண்டும் என்றும் சொன்னேன். அவள் வரேனிகி மேல் இன்னும் கொஞ்சம் புளிப்புக் கிரீம் ஊற்றினாள்.

அவள் மனதில் இருந்தது யார் என்று எனக்குத் தெரியும். வாசிலினா, அதே கோயிலுக்கு வருகிற, பெரியம்மாவைவிட மூத்த ஒரு தையல்காரி. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் சாயங்காலம் பெரியம்மா திடீரென்று பிரேக் போட்டதில் வண்டிக்குள் நின்றுகொண்டிருந்த வாசிலினா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாய் ஒன்று குறுக்கே வந்தது என்று பெரியம்மா சொன்னாள். டிப்போ விசாரித்து, ஓட்டுநர் மேல் தவறில்லை என்று முடித்துவிட்டது. வாசிலினா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு மன்னிப்பு ஞாயிறும் பெரியம்மா அவள் முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பாள். எங்கள் கோயிலில் அதற்குப் பதில், 'கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்' என்பது. வாசிலினா முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாள்.

அந்த ஞாயிறு மாலை கோயிலில் நல்ல கூட்டம். முதலில் பாதிரியார் ஹவ்ரிலோ மக்களை நோக்கி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒவ்வொருவராக அவர் முன் போய்க் கும்பிட்டு, அவர் பக்கத்தில் நிற்பவர்களையும் கும்பிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். இப்படி வரிசை சுவர் ஓரமாக வளைந்து வளைந்து, எல்லாரும் எல்லாரையும் கும்பிடுகிறவரை நடக்கும். முடியாதவர்கள் தலையை மட்டும் அசைப்பார்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பெரியம்மா கறுப்பு முக்காட்டைக் கட்டிக்கொண்டு மூலை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். வரிசை அவள் பக்கம் வந்தபோது எழுந்தாள்.

நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். குனியக் கூடாது என்று காதில் சொன்னேன்.

"இது குனியறது இல்லடி, கும்பிடறது" என்றாள். "பண்டிகை நாள்ல வேலை செய்யக் கூடாதுன்னு சொல்றாங்க. அதுக்காக அன்னைக்கு ஜபம் பண்ணக் கூடாதுன்னா அர்த்தம்?"

 கரண்டியை எடுக்கக் குனிவதும் கடவுளுக்காகக் குனிவதும் அவளுக்கு இரண்டு வேறு காரியங்கள். தையல் நூலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவள் கேட்டிருப்பாள் என்று தோன்றவில்லை. பாதிரியாரே அவளைப் பார்த்துவிட்டு, தலையசைத்தால் போதும் என்று கையால் காட்டினார். அவள் அவருக்கும் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். பிறகு அடுத்தவருக்கு. பிறகு அடுத்தவருக்கு. பெரிய உடம்பு அவளுக்கு. ஒவ்வொரு தடவையும் கைகளை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து எழுந்தாள். என் முறை வந்தபோது நான் கும்பிடாமல் அவளைத் தாங்கப் போனேன், அவள் என் கையைத் தட்டிவிட்டுக் கும்பிட்டாள்.

வாசிலினா வரிசையின் பாதியில் இருந்தாள். கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முடிந்தவரை சாய்ந்தாள். பெரியம்மா தரையிலிருந்து, "என்னை மன்னிச்சிடு அக்கா" என்றாள்.

"கடவுள் மன்னிப்பார்."

பெரியம்மா எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். மீதிப் பாதிக்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். வாசிலினாவின் கைத்தடி அவளைத் தாண்டி நகர்ந்தது.

அடுத்த வாரங்களில் எனக்கு மாலை வகுப்பில் பருவத் தேர்வு. பெரியம்மாவோடு தொலைபேசியில்தான் பேசினேன். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பாள். தண்ணீர் வடிகிறதா என்று கேட்டால், நோன்புக் காலத்தில் கண்ணில் தண்ணீர் வந்தால் நல்லதுதானே என்பாள். அவள் பரிசோதனைக்கு வர வேண்டிய நாள் நோன்பின் மூன்றாம் வாரத்தில் இருந்தது. கோயிலில் சிலுவை வழிபாடு என்று வரவில்லை. ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வந்தாள்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, தட்டைப் பிடித்தேன்.

முட்டை நிமிர்ந்து நின்றது. வளையங்கள் மேலும் கீழுமாக நீண்டிருந்தன, மேல் ஓரத்தில் கோடு உடைந்து அலையாகியிருந்தது. கருமணியும் வட்டமாக இல்லை. மேல்பக்கம் யாரோ நுனியைக் கிள்ளி இழுத்ததுபோல் இருந்தது. அந்தத் தடவை தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் ஸெனோவி விளக்குக் கருவியில் வெகுநேரம் பார்த்தார். நடுத் தையல் இரண்டு அறுந்திருக்கின்றன, வெட்டு வாய் விலகி அப்படியே ஆறிவிட்டது என்றார். கனம் தூக்கினீர்களா, விழுந்தீர்களா, கண்ணில் அடிபட்டதா, பலமாக இருமினீர்களா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றாள் பெரியம்மா. அவள் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட எதையும் அவள் செய்யவில்லை. டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, நூல் மட்டமாக இருந்திருக்கலாம், அல்லது நான் கட்டிய முடிச்சு என்றார். அவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தாழ்வாரத்தில் அவரைப் பின்தொடர்ந்து போய் மன்னிப்பு ஞாயிறைச் சொன்னேன்.

அவர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை பேரைக் கும்பிட்டாங்க?"

"கோயில் முழுக்க, டாக்டர்."

"என் அம்மாவும் அப்படித்தான்" என்றார்.  எழுந்துகொண்டே, இனிமேல் நோயாளிகளுக்குச் செய்யக் கூடாதவற்றைச் சொல்லும்போது கும்பிடுவதையும் சேர்த்துச் சொல் என்றார். இப்போது சொல்கிறேன்.

வெட்டு வாயைத் திறந்து மறுபடி தைக்க முடியாதா என்று கேட்டேன். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கருவிழியின் உள்பக்கம் ஒரே அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. உள்ளே ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றி, கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பது அவைதான். போனால் திரும்ப முளைக்காதவை. பெரியம்மாவுக்குப் பிறவியிலேயே அவை குறைவு, ஆபரேஷனில் இன்னும் கொஞ்சம் போயிருக்கின்றன. மறுபடி கை வைத்தால் இருப்பதும் போய்க் கருவிழி வெளுத்துவிடும். இடது கண்ணைச் செய்யலாமே என்றேன். அந்தக் கண்ணிலும் செல்கள் அதே நிலைதான், தொட பயமாக இருக்கிறது என்றார். அறைக்குத் திரும்பி, காலையில் எழுந்ததும் பார்வை புகைமூட்டமாக இருக்கிறதா என்று பெரியம்மாவைக் கேட்டார். மதியத்துக்குள் தெளிந்துவிடுகிறது, அடுப்புப் புகை என்று நினைத்தேன் என்றாள். இருக்கும் செல்களே திணறுகின்றன என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மூக்குக் கண்ணாடி ஒன்றுதான். கருவிழி ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் வளைந்தும் இருந்தால் வெளிச்சம் ஒரு புள்ளியில் சேராமல் இழுபட்டுப்போகும். அதைச் சரிக்கட்ட ஒரு பக்கம் மட்டும் பவர் உள்ள சிலிண்டர் கண்ணாடி போட வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்ட அளவு எங்கள் சோதனைப் பெட்டியில் இருந்ததிலேயே அதிக பவர் உள்ள கடைசிக் கண்ணாடி. பெரியம்மா அதை மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தாள். படி இல்லாத இடத்தில் காலைத் தூக்கிப் படி ஏறினாள். சுவர் தன் மேல் சாய்வதாகச் சொல்லி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பழகிவிடும் என்றோம் நானும் டாக்டரும், ஒரே நேரத்தில்.

அவள் பழக முயன்றாள். அதையும் எழுத வேண்டும். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து மே முழுக்க, நம்பர் பலகைகளைக் கொடுத்து முடித்ததும் டிப்போ வாசலில் நின்று கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். ஒருநாள் வகுப்புக்குப் போகிற வழியில் அவளைப் பார்க்கப் போனேன். வண்டிகள் வெளியேறும் வளைவில், இரட்டைக் கம்பிகள் பிரிந்து சேரும் இடத்துக்குக் கீழே தலையை அண்ணாந்து நின்றிருந்தாள். கண்ணாடி அவள் கோட்டுப் பையில் இருந்தது. அதைப் போட்டால் தலை சுற்றுகிறது, போடாவிட்டால் ஒன்று தெரிகிறது, இன்னொன்று தெரியவில்லை என்றாள்.

"கம்பம் எல்லாம் நிக்குது யாரினா. ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி தெரியுது. கம்பிதான் இல்ல."

மேலே பார்த்தேன். வானம் வெளுப்பாக இருந்தது, கம்பிகள் கறுப்பாக, தெளிவாக ஓடின. அவள் கண்ணில் எல்லாம் மேலும் கீழுமாக இழுபடுகிறது. நிற்கிற கோடு இழுபட்டாலும் கோடுதான். படுத்த கோடு கரைந்துவிடும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்தார்கள், நானும் அழகாக வரைந்துவைத்திருக்கிறேன். டிராலிபஸ் ஓட்டுகிறவள் சாலையைப் பார்ப்பதற்குச் சமமாகக் கம்பியைப் பார்க்க வேண்டும், பிரிகிற இடத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் கூரையின் கொம்புகள் கழன்று வண்டி நடுத்தெருவில் செத்துப்போகும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவள் எனக்குச் சின்ன வயதில் சொன்னது.

மெக்கானிக் பனாஸ் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான்.

"கம்பி தெரியலைன்னா என்ன, மெலானியா அக்கா? வண்டி தானாத் தேடிக்கும். எங்கப்பா குடிச்சுட்டு வீட்டுக்கு வரலையா?"

"உங்கப்பா பக்கத்து வீட்டுக்குல்ல போவாரு" என்றாள் பெரியம்மா. பனாஸ் சிரித்துக்கொண்டே போனான். அவளும் சிரித்தாள், ஆனால் அண்ணாந்த தலையைக் கீழே இறக்கவில்லை.

ஜூன் வந்தது. மருத்துவக் குழு எங்கள் ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், வெளிநோயாளிகளுக்கான பாலிகிளினிக்கின் இரண்டாம் மாடியில் உட்காரும். நான் விடுப்புப் போட்டுக்கொண்டு அவளோடு போனேன். சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தாள். படியில் ஏறும்போதே பார்வை சோதிக்கும் எழுத்து அட்டையை முணுமுணுத்தாள். எங்கள் ஊரில் அந்த அட்டை எல்லாருக்கும் மனப்பாடம், பள்ளிக்கூடத்திலிருந்து சாவுவரை அதே அட்டைதான். வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல் என்றேன். தெரிவதைத்தான் சொல்வேன், இது துணைக்கு என்றாள்.

உள்ளே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை தடங்கலில்லாமல் சொன்னாள். குழுவின் கண் டாக்டர் இளம்பெண். கோபப்படவில்லை. குச்சியை அட்டையின் வலது பாதிக்கு நகர்த்தினாள். அங்கே எழுத்துக்கள் கிடையாது, ஒரு பக்கம் வெட்டுவிட்ட வளையங்கள்தான். வெட்டு மேலேயா, கீழேயா, இடப்பக்கமா, வலப்பக்கமா என்று சொல்ல வேண்டும். அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

"மேலே" என்றாள் பெரியம்மா. சரி. "கீழே." சரி. குச்சி அடுத்ததுக்கு நகர்ந்தது. பெரியம்மா வெகுநேரம் பார்த்தாள். மேலும் கீழும் வாய்விட்ட வளையம் அவளுக்குத் தெரியும், பக்கவாட்டில் வாய்விட்டது இழுபட்டு மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லிவிடு, பாதிக்குப் பாதி சரியாக வரும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கெஞ்சினேன்.

"இது மூடியிருக்கு" என்றாள்.

"மூடின வளையம் இதுல இல்லம்மா."

"எனக்கு மூடியிருக்கு."

அடுத்ததும் மூடியிருந்தது. அதற்கடுத்ததும். இளம் டாக்டர் குச்சியை மேஜை மேல் வைத்துவிட்டு, தலைவரைப் பார்த்தாள். தலைவர் எழுதினார். வெளியே தாழ்வாரத்தில் காகிதம் எங்கள் கைக்கு வந்தபோது பெரியம்மா அதைப் படிக்கவில்லை. மடித்து என்னிடம் கொடுத்தாள். எண்பத்தாறைப் போன வாரமே வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள், எனக்குத் தெரியும் என்றாள்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. வாளியில் ஸ்ட்ராபெரி வைத்து இரண்டு பெண்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் வாசிலினா உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு மின்சாரச் சிகிச்சைக்காக அவள் வாரா வாரம் வருவது எனக்குத் தெரியும். பெரியம்மா வணக்கம் சொல்லி, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். சிலிண்டர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டாள். வாசிலினா சீருடையைப் பார்த்தாள், திரும்ப வண்டியில் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டாள். பெரியம்மா, இன்னும் இல்லை என்றாள். இன்னும் என்ற சொல்லைக் கேட்டு நான் ஸ்ட்ராபெரி வாளியைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நிறுத்தத்துக்கு ஒன்றாம் நம்பரும் ஏழாம் நம்பரும் வரும். ஒன்று நேராக, வாசிலினாவும் இருக்கிற எங்கள் குடியிருப்புக்குப் போகும். ஏழு பாலத்தின் முனையில் இடப்பக்கம் பிரிந்து, பழைய செங்கல் சூளைப் பக்கம் போய்விடும். தூரத்தில் ஒரு வண்டி வந்தது. வெயில் அதன் முகப்பில் பட்டுக் கூசியது.

"நீ ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ. என்ன நம்பர்னு பாத்துச் சொல்லு" என்றாள் வாசிலினா.

பெரியம்மா எழுந்து சாலையோரம் போய்ப் பார்த்தாள். "ஒண்ணு. நம்ம வண்டிதான் அக்கா" என்றாள். குரலில் பழைய உறுதி இருந்தது.

எனக்கு அது ஏழு மாதிரி இருந்தது. ஆனால் நான் வாசிலினாவின் பையை ஒரு கையிலும் அவள் முழங்கையை மறு கையிலும் பிடித்திருந்தேன். வெயில் வேறு. தினமும் அந்தப் பலகைகளை எடுத்துக் கொடுக்கிறவள் சொல்கிறாள். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நின்றது, ஏறினோம்.

உள்ளே ஏறியதும் பெரியம்மா கைப்பிடிக் குழாயைத் தொட்டுத் தடவினாள். எண்பத்தாறு என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மூன்றாம் இருக்கையின் கிழிசலைத் தானே தைத்தது என்றாள். ஓட்டுநர் அறையில் ஒல்லியான ஒரு பையனின் முதுகு தெரிந்தது. அவள் அவனைக் குறை சொல்லவில்லை. நன்றாகத்தான் எடுக்கிறான், பிரேக்கை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே மிதிக்கலாம் என்றாள். பாலம் வந்தது. கூரைக்கு மேலே கொம்புகள் கம்பி பிரிகிற இடத்தைத் தாண்டும் சத்தம் கேட்டது, டக் டக் என்று இரண்டு தட்டு. எங்களுக்கு அது வெறும் சத்தம். பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. வண்டி திரும்புவதற்கு முன்பே, இடப்பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாசிலினாவுக்கு வண்டி திரும்பிய பிறகு தெரிந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டாள்.  அடுத்த நிறுத்தத்தில் மூன்று பேரும் இறங்கினோம். வாசிலினா இறங்க நேரமாயிற்று, பையன் மணியை ஒரு தடவை அடித்தான். பின்கண்ணாடியில் செருகியிருந்த பலகையில் ஏழு தெளிவாகத் தெரிந்தது. நான் நின்று பார்த்தேன். ஏழின் மேல்கோடு படுத்த கோடு. அது கரைந்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்.

திரும்பிப் போகும் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். கடந்து போய் ஒரு கம்பத்தடியில் நின்றோம். பெஞ்ச் இல்லை. சூளைச் சுவர் நெடுக வெயில். வாசிலினா கைத்தடியை முன்னால் ஊன்றி, பெரியம்மாவின் வலது கண்ணை, மேல்பக்கம் இழுபட்ட அந்தக் கருமணியை, பக்கத்தில் போய்ப் பார்த்தாள். தையலில் தப்பு தேடுகிற பார்வை.

"உனக்குத் தெரியல" என்றாள்.

"தெரியல அக்கா. மன்னிச்சிடு."

"அன்னைக்கும் இப்படித்தானா?"

எனக்கு முதலில் எந்த நாள் என்று புரியவில்லை. பெரியம்மாவுக்குப் புரிந்தது.

"நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்ன" என்றாள் வாசிலினா.

பெரியம்மா சீருடையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடமாக அவள் ஒவ்வொரு நோன்பு தொடக்கத்திலும் தரையில் விழுந்து கேட்டது எதற்காக என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு தடவையும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

"நாய் வரல" என்றாள். "முன்னாடி லாரி நின்னுச்சு. இருட்டிக்கிட்டு வந்துது. பக்கத்துல போனப்பறம்தான் பாத்தேன். ஏற்கெனவே கண்ணு மங்கல். சொன்னா வண்டிய விட்டு எறக்கிடுவாங்க."

வாசிலினா வழக்கமாகச் சொல்வதையாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். பாதியாவது. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வண்டி வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

நகர மையத்துக்குத் திரும்பும் ஏழு வந்தது. வாசிலினா பெரியம்மாவைக் கேட்கவில்லை.

"பொண்ணே, நீ பாத்துச் சொல்லு" என்றாள்.

நான் ஒரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன். ஏழு என்றேன். அதில் போய்ப் பாலத்தில் இறங்கி ஒன்றாம் நம்பருக்கு மாற வேண்டும் என்றும் சொன்னேன். பையை வாங்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறினாள். நானும் ஏறப் போனேன். பெரியம்மா அசையவில்லை. அடுத்ததில் போகலாம் என்றாள். கதவு மூடியது. ஜன்னலோரம் உட்கார்ந்த வாசிலினா நேராக முன்னால் பார்த்துக்கொண்டு போனாள்.

சூளைச் சுவர் முனையில் வண்டி மறைந்த பிறகும் பெரியம்மா அண்ணாந்தபடியே நின்றிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அது வெயிலில் எப்போதும் வடிகிறதுதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"யாரினா, கம்பி ஆடுதா?"

வண்டி போன பிறகு கம்பிகள் கொஞ்ச நேரம் நடுங்கும். சின்ன வயதில் அதைக் கவனிக்கச் சொல்லித் தந்ததும் அவள்தான். மேலே பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஆடுது" என்றேன்.

"நின்னதும் சொல்லு" என்றாள்.